மேல்காற்றில் மேல்மண் பறக்காமல் காப்பது எப்படி? சென்னைக் கடலோர மணல் நிலங்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேர்க்கடலையைப் பிடுங்கி, கொடியை மாட்டுத் தீவனத்துக்குக் கட்டி எடுத்துப்போன பிறகு நிலத்தில் ஒரு துரும்புகூட மிஞ்சுவதில்லை. நெல் அறுத்தால் தாள் நிற்கும். கடலை வேரோடு வந்துவிடும். தெற்கே கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கமும், வடக்கே மீஞ்சூர், பழவேற்காடு பக்கமும் உள்ள மணல் நிலங்கள் பங்குனி, சித்திரைக்குப் பிறகு இப்படித்தான் மொட்டையாகக் கிடக்கின்றன. தொடர்மழை பிடிக்க ஐப்பசி ஆகும். நடுவே அவ்வப்போது இடிமழை பெய்தாலும் மணல் இரண்டே நாளில் காய்ந்துவிடும். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, நிலத்தை வழித்துக்கொண்டே இருக்கிறது. வருடா வருடம் எரு அடித்தும் நிலத்தில் சத்து நிற்கவில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்று மாதத்தைத்தான்.

காற்றரிப்பு என்றதும் எல்லோருக்கும் மரம் நடுவதுதான் நினைவுக்கு வரும். மரம் அவசியம், ஆனால் அது கடைசி வேலை. சவுக்கு உயர்ந்து காற்றை மறிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குள் மேல்மண் போய்விடும். வரிசை இதுதான்: முதலில் மூடு, அடுத்து தடு, பிறகு நடு. கீழே உள்ள அளவுகள் எல்லாம் ஒரு ஏக்கருக்கு, அதாவது ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர் உள்ள சதுர நிலத்துக்கு.

காற்று மண்ணை எப்படி எடுத்துப்போகிறது

மண் மூன்று விதமாக நகர்கிறது. 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.5 மில்லிமீட்டர் வரை உள்ள நடுத்தர மணல், தத்தித் தத்திப் போகும். காற்று தூக்கும், விழும், விழுந்த இடத்தில் இன்னும் நாலு மணலைத் தட்டி எழுப்பும். நகரும் மண்ணில் பாதிக்கு மேல் இப்படிப் போவதுதான். இந்தத் தத்தல் பெரும்பாலும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள்ளேயே நடக்கிறது. அதைவிடப் பெரிய மணல் தரையோடு உருளும். 0.1 மில்லிமீட்டருக்கும் சிறிய தூசி மேலே எழும்பிக் கண்காணாத தூரத்துக்குப் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். தூசி தானாக எளிதில் எழும்புவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே மணலும் மறைத்திருக்கும். தத்தும் மணல் வந்து மோதும்போதுதான் அது கிளம்புகிறது. ஆகவே தத்தலை நிறுத்தினால் மற்ற இரண்டும் பெருமளவு அடங்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் செய்யும் வேலைக்கு இவ்வளவு பலன் இருப்பது இதனால்தான்.

நிலத்தைவிட்டே முதலில் போய்விடுவது தூசி. களி, மக்கு, உரச்சத்து எல்லாம் ஒட்டியிருப்பது அந்தத் தூசியில்தான். மணல் பக்கத்து வேலியோரம் குவிந்து கிடப்பதைப் பார்த்து, மண் இங்கேதானே இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. வேலியில் கிடப்பது சக்கை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளை, அதாவது செம்மணல் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு, காற்று நீண்ட காலம் மணலைக் கொண்டுவந்து கொட்டினால் நிலம் என்ன ஆகும் என்பது தெரியும்.

மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் உலர்ந்த மணல் நகரத் தொடங்கும். தெருவில் காகிதமும் புழுதியும் எழும்பி, மரத்தின் சிறு கிளைகள் ஆடினால் அந்த வேகம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு மேல் நிலைமை வேகமாக மோசமாகும். காற்று அள்ளும் மணலின் அளவு, வேகத்தின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. வேகம் இரட்டித்தால் அள்ளுவது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. மறுபக்கம், தரையோரத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பலன் பல மடங்கு கிடைக்கும்.

படி 1: அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்தால் நிலம் போவது தெரியாது. ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் மண் என்றால் நான்கு கன மீட்டர், சுமார் ஆறு டன். மணல் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். நகத்தின் தடிமன் அளவுக்கு மண் நிலத்திலிருந்து போனால், ஒரு லாரியில் ஏற்றக்கூடிய அளவு போய்விட்டது.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள 10 எம்.எம். கம்பித் துண்டு ஒன்பது எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் மூன்றுக்கு மூன்றாக, சம இடைவெளியில், 40 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி அடியுங்கள். வெளியே 20 சென்டிமீட்டர் நிற்கும். மாடு, ஆள் காலில் குத்தாமல் இருக்க முனையில் பழைய பாட்டில் மூடி ஒன்றைச் செருகுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கம்பி முனையிலிருந்து மண் மட்டம் வரை அளந்து எழுதுங்கள். கம்பியடியில் சின்னக் குழி விழுந்திருக்கும். அதில் அளக்காமல் ஒரு சாண் தள்ளி மட்டப்பலகை வைத்து அளக்க வேண்டும். ஒன்பதின் சராசரி நான்கு மில்லிமீட்டர் கூடியிருந்தால் 24 டன் போயிருக்கிறது. சில கம்பிகளில் அளவு குறைந்திருக்கும். அங்கே மணல் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதையும் கழித்துத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எந்த உயரத்தில் மண்ணைக் கொண்டுபோகிறது என்று பார்க்க ஒரு சவுக்குக் கம்பு போதும். தரைக்கு மேல் 120 சென்டிமீட்டர் நிற்கும்படி நட்டு, 10, 30, 60, 100 சென்டிமீட்டர் உயரங்களில் இரட்டைப் பக்கம் ஒட்டும் டேப்பைச் சுற்றுங்கள். கம்பில் வடக்கைக் குறித்து வையுங்கள். காலை பத்து மணிக்கு டேப்பின் மேல்காகிதத்தை உரித்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். அடி இரண்டு டேப்பிலும் மேற்குப் பக்கம் மணல் உப்புத்தாள் போல் ஒட்டியிருக்கும். 60இல் ஒன்றிரண்டு மணிதான் இருக்கும். 100இல் மணலே இல்லாமல் மஞ்சள் பூத்தாற்போல் மெல்லிய படலம் இருந்தால், கை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் வழுக்கும். நீங்கள் அடித்த எரு அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது சோதனை மண்கட்டிக்கானது. நிலத்தில் ஐந்தாறு இடத்தில் மேலாக ஓர் அங்குல மண்ணை மட்டும் அள்ளி, நிழலில் உலர்த்தி, ஒரு கிலோ எடுத்து, 0.84 மில்லிமீட்டர் கண்ணுள்ள 20ஆம் எண் சல்லடையில் மெதுவாக ஆட்டுங்கள். கையால் நசுக்கக்கூடாது. சல்லடையில் தங்கும் கட்டிகளைக் காற்றால் நகர்த்த முடியாது. 600 கிராமுக்கு மேல் தங்கினால் நிலம் பரவாயில்லை. பாதிக்குக் குறைந்தால் கவனம் தேவை. கடலோர மணலில் கால்வாசிகூடத் தங்காது. அங்கே கட்டியை நம்பாமல் மூடாக்கையே, அதாவது தரையை மூடும் தாள், வைக்கோல், செடி ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

திசையைப் பற்றி: நம் பழைய பெயர்கள் இங்கே கைகொடுக்கும். மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. சென்னைப் பகுதியில் வைகாசி முதல் ஆடி வரை காலையில் அனலாய் அடிப்பது கோடை. பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து ஏறும். மாசி, பங்குனியில் தெற்கும் தென்கிழக்கும். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் மண் நனைந்திருப்பதால் பறப்பது குறைவு. எனவே முதல் தடுப்பு மேற்கில், இரண்டாவது தெற்கில். கடலுக்கு மிக அருகில் என்றால் கிழக்குப் பக்கமும் வேண்டும், உப்புக்காற்றுக்காக.

படி 2: மூடாக்கு

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நிலப்பரப்பில் 30 விழுக்காடு மூடியிருந்தாலே அரிப்பு பாதிக்கு மேல் குறையும். நின்றிருக்கும் தாள், படுத்திருக்கும் வைக்கோலைவிட இன்னும் நல்லது. காற்றின் வேகத்தைத் தரையோரத்திலேயே உடைத்துவிடும். ஆகவே சோளம், கம்பு, எள் அறுத்த நிலத்தில் 20 முதல் 30 சென்டிமீட்டர் தாளை விட்டு அறுங்கள். எரிக்காதீர்கள், உழாதீர்கள். ஆட்டுக்கிடை போட்டால் தாளை மேய்ந்து, குளம்பால் மண்ணையும் தூளாக்கிவிடும். கிடை நல்லதுதான், ஆனால் அதை மழைக்கு முன் புரட்டாசிக்கு ஒத்திவையுங்கள்.

கடலை பிடுங்கிய நிலத்துக்கு உயிர் மூடாக்கு, அதாவது தரையை மூடி வளரும் பயிர்தான் சரி. பிடுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள், ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும். இந்த நாள்கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். கடலை காயவைத்து, உடைத்து, விற்றுவிட்டு ஒரு மாதம் கழித்து நிலத்துக்கு வந்தால் அங்கே ஈரமும் இல்லை, முளைப்பும் இல்லை.

கொழுஞ்சி ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. எங்கள் கணிப்பில் இந்தப் பகுதிக்கு இதுவே முதல் தேர்வு. வறட்சி தாங்கும்; மாடு, ஆடு இதை விரும்பி மேய்வதில்லை. வேலி இல்லாத திறந்த நிலத்தில் இந்தக் குணம் பெரிய உதவி. விதை ஓடு கெட்டி என்பதால் அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காது. பங்குக்குப் பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்து, உரலில் இட்டு, ஓடு மங்கும் வரை லேசாகத் தேய்த்த பிறகு விதைக்க வேண்டும். விதை உடையும் அளவுக்குக் குத்திவிடக்கூடாது.

கொள்ளு 8 கிலோ, காராமணி 10 கிலோ, சணப்பு 10 முதல் 15 கிலோ என்றும் போடலாம். சணப்புக்கு ஈரம் கூடுதலாக வேண்டும். தக்கைப்பூண்டு களர், ஈர நிலத்துக்குச் சரி. காய்ந்த மணலில் அது கைவிட்டுவிடும். விதைத்ததும் ஒரு தண்ணீர், பத்தாம் நாள் இன்னொன்று. அதற்கு மேல் கொழுஞ்சியும் கொள்ளும் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரே இல்லையென்றால் உலர்ந்த மூடாக்கு. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல், அதாவது சதுர மீட்டருக்கு அரைக்கிலோ. இதில் அடிக்கடி நடக்கும் பிழை, வைக்கோலைச் சும்மா தூவிவிடுவது. முதல் காற்றிலேயே அது வேலியில் போய்த் தொங்கும். தூவியதும் மழுங்கிய மண்வெட்டியால் ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குத்தி, வைக்கோலின் நடுப்பகுதி மண்ணுக்குள்ளும் இரு முனையும் வெளியேயும் நிற்கும்படி செய்ய வேண்டும். டிராக்டரில் நேராக நிறுத்திய வட்டத்தட்டுக் கலப்பையும் இதைச் செய்யும்.

கடலோரத்தில் வைக்கோலைவிடத் தென்னை மட்டை எளிதில் கிடைக்கும். மட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கீற்று மேலே இருக்கும்படி, காற்றுக்குக் குறுக்காக ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை போட்டு, இரு முனையிலும் இரண்டு மண்வெட்டி மண் தள்ளுங்கள். கரையான் வரும். மணல் நிலத்தில் கரையான் மட்டையைத் தின்று மக்காக்குவது நல்லதே. இளங்கன்றுகளின் அடியை ஒட்டி மட்டும் போடவேண்டாம்.

தரை முழுவதும் மணலாகி, கால் புதையும் நிலை என்றால் கட்டம் போடும் முறை இருக்கிறது. சீனாவின் ஷாபோடோவில், 1958இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையை மணல் மூடாமல் காத்தது இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டமாக, வைக்கோலையோ பனையோலையையோ மண்ணில் பாதி புதைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி நடுவது. வேலை அதிகம். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் விதைத்த கொழுஞ்சி தப்பிக்கும். வெளியே விதைத்தது மணலடி (பறந்து வரும் மணலின் மோதல்) பட்டுக் கருகும்.

படி 3: உழவில் நிறுத்த வேண்டியவை

கோடை உழவு பொன் உழவு என்பது களிமண்ணுக்கும் செம்மண்ணுக்கும் பொருந்தும். மணலுக்குப் பொருந்தாது. அதிலும் காய்ந்த மணலில் ரோட்டவேட்டர் ஓட்டுவது, மிச்சமிருக்கும் சிறு கட்டிகளையும் மாவாக அரைத்துக் காற்றிடம் கொடுப்பதற்குச் சமம். உழுதே ஆகவேண்டுமென்றால் கோடைமழை பெய்து இரண்டாம் நாள், மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், கல்டிவேட்டரால் ஒரே ஒரு சால் ஓட்டுங்கள். பார்கள், அதாவது சாலோரம் எழும் மண்மேடுகள், 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், மேல்காற்றுக்குக் குறுக்காக, அதாவது வடக்கு தெற்காக இருக்கட்டும். வெறும் மணலில் பாரும் நிற்காது. அங்கே உழவே வேண்டாம்.

சீமைக் கருவேலம் அகற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அகற்றுங்கள், ஆனால் சித்திரை, வைகாசியில் பொக்லைன் வைத்து ஒரே மூச்சில் வழித்துவிடாதீர்கள். பத்து மீட்டர் அகலப் பட்டையாக ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, எடுத்த இடம் பச்சை பிடித்த பிறகு அடுத்ததை எடுங்கள்.

படி 4: மண்ணுக்கு ஒட்டும் தன்மை கொடுங்கள்

மணல் பறப்பது அதில் ஒட்ட எதுவும் இல்லாததால். ஏரி வண்டல்தான் இதற்கு மருந்து. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்குப் பஞ்சமில்லை. விவசாயப் பயன்பாட்டுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அளவு, மணலின் தீவிரத்தைப் பொறுத்து ஏக்கருக்கு 40 டன் வரை. ஒரே வருடத்தில் முடியாவிட்டால் நான்கு வருடத்துக்குப் பத்துப் பத்து டன்னாகப் போடலாம்.

கொட்டிய வண்டலைக் கட்டியாகவே பரப்புங்கள். எலுமிச்சை அளவுக் கட்டிகள் மேலே கிடந்தால் அந்த ஆடிக்கு அவையே காப்பு. மழையில் கரைந்த பிறகு புரட்டாசி, ஐப்பசி உழவில் கலந்துவிடலாம். அதோடு தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ பத்து டன். மக்காத நார்க்கழிவைப் போடக்கூடாது. அது மக்குவதற்காக மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவு என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசியது தானா என்று கேட்டு வாங்குங்கள்.

எருவை எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். சித்திரையில் குவியல் குவியலாகக் கொட்டிப் பரப்பிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருந்தால் பாதி தூசியாகப் போய்விடும். அடித்த அன்றே மண்ணில் கலக்கும்படி, மழையை ஒட்டி அடியுங்கள்.

படி 5: தடுப்பு வேலி

வேலி கட்டுகிறவர்கள் பொதுவாக, அடைப்பாக இருந்தால்தான் காற்று வராது என்று தகரமோ காம்பவுண்டுச் சுவரோ எழுப்புகிறார்கள். அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று விழுகிறது. அந்தச் சுழலில் மண் இன்னும் பெயர்கிறது. பாதிக் காற்றை உள்ளே விட்டு, பாதியை மறிக்கும் வேலிதான் நெடுந்தூரம் காக்கும். 40 முதல் 50 விழுக்காடு இடைவெளி சரியான அளவு. பச்சை நிழல்வலை வாங்கும்போது 50 விழுக்காடு என்று கேட்டு வாங்குங்கள். 90 விழுக்காடு வலை சுவரைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்கு நல்ல காப்பு கிடைக்கும். அதற்கு அப்பாலும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் மணல் நிலத்தில் அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். ஒன்றரை மீட்டர் வேலி 15 மீட்டரைக் காக்கும். 64 மீட்டர் நிலத்துக்கு நான்கு வரிசை, மொத்தம் 256 மீட்டர். வலை மூன்று மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளச் சுருளாக வருகிறது. அகலத்தில் பாதியாக வெட்டினால் ஒரு சுருளில் 100 மீட்டர் கிடைக்கும். மூன்று சுருள் போதும்.

கம்பம் 2.2 மீட்டர் சவுக்கு. 70 சென்டிமீட்டர் உள்ளே, ஒன்றரை மீட்டர் வெளியே. செம்மண்ணில் ஒன்றரை அடிக் குழியே பிடிக்கும், மணலில் பிடிக்காது. இரண்டு மீட்டருக்கு ஒரு கம்பம் என்று வரிசைக்கு 33. கடைசிக் கம்பங்களுக்கு முட்டு கொடுக்க வேண்டும். மேல், நடு, அடி என்று மூன்று வரி ஜி.ஐ. கம்பி. வலையைக் காற்று வரும் பக்கத்தில் கட்டுங்கள்; அப்போது காற்று வலையைக் கம்பத்தோடு அழுத்தும். மறுபக்கம் கட்டினால் முடிச்சுகளின் மேல் முழு இழுப்பும் விழுந்து, ஒரு வாரத்தில் கிழியும். அடியில் இடைவெளி விடாதீர்கள். அந்தச் சந்தில் காற்று வேகம் பிடித்துத் தரையைத் தோண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள்.

வலைக்குச் செலவழிக்க முடியாதவர்கள் தர்பூசணி, வெள்ளரி, மிளகாய் நிலத்தில் பத்து மீட்டருக்கு ஒரு முறை இரண்டு வரிசை கம்போ தீவனச் சோளமோ, முக்கியப் பயிருக்கு மூன்று வாரம் முன்னதாக விதைத்துவிடலாம். மணலடி தாங்காத பருவம் முதல் இருபது நாள்தான். அந்த நாட்களில் செடியைக் குனிந்து பார்த்தால், மேற்குப் பார்த்த பக்கத்தில் தண்டு பழுப்பேறி, தரையை ஒட்டிய இடம் அராவியதுபோல் இளைத்திருக்கும். பலர் இதைப் பூஞ்சை நோய் என்று எண்ணி மருந்தடிக்கிறார்கள். நோய் என்றால் தண்டைச் சுற்றிலும் வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அது மணல்.

படி 6: மரவேலி

நடும் காலம் ஐப்பசி, கார்த்திகை. மேற்கு எல்லையில் மூன்று வரிசை. வெளிவரிசையில் நொச்சி, ஆடாதொடை, கிளுவை போன்ற அடர்ந்த புதர், நடுவில் சவுக்கு, உள்வரிசையில் பூவரசு, புங்கன் அல்லது பனை. கடலுக்கு நேர் எதிரே உப்புக்காற்று படும் பக்கத்தில் புன்னை, பூவரசு, பனை நன்கு தாங்கும்.

சவுக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. 64 மீட்டருக்கு 43 கன்று, பட்டுப்போனதற்கு மாற்றாக நட ஐந்து கூடுதல். வரிசைகளுக்கிடையே இரண்டு மீட்டர், கன்றுகள் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி வரவேண்டும். குழி ஒரு கன அடி. மக்கிய எரு ஒரு கிலோ, சவுக்குத் தோப்பின் அடிமண் இரண்டு கை. சவுக்கு வேரில் முடிச்சிட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் அந்த மண்ணில் இருக்கிறது. பையைக் கிழித்ததும் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் மரம் வளர்ந்தபின் புயலில் வேரோடு சாயும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மேலோட்டமாக வேர் பிடித்த மரம் வேலியாக நிற்காது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத்தடுப்புக்கென்றே சவுக்கு வகைகளைத் தேர்ந்து கொடுத்திருக்கிறது. கன்று வாங்குமுன் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, கன்றுக்கு ஐந்து லிட்டர். மீஞ்சூர் போன்று கடல்நீர் ஏறிய கிணற்று நீர் உள்ள ஊர்களில் தண்ணீரின் உப்பைச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

மரவேலியைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, அடிக்கிளை கழிப்பது. கழித்தால் கீழே சந்து உண்டாகி, திறந்த நிலத்தைவிட வேகமாக அங்கே காற்று பாயும். சவுக்கின் அடிக்கிளைகள் நாளடைவில் தானாகவே காயும். அதற்காகத்தான் வெளியே புதர் வரிசை. இரண்டு, நடுவில் வாசல். வண்டிவழி தேவையென்றால் வேலிக்கு நேர் குறுக்காக விடாமல் சாய்வாக விடுங்கள், அல்லது வாசலுக்கு முன்னால் ஒரு துண்டு வேலி வையுங்கள். மூன்று, ஒரே நாளில் வெட்டுவது. நான்காம் ஐந்தாம் வருடம் வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசுவார். மொத்தமாகக் கொடுத்தால் அடுத்த ஆடியில் நிலம் மறுபடியும் மொட்டை. பாதிக் கன்றை வெட்டி, அந்த இடத்தில் நட்டது ஆளுயரம் வந்த பிறகு மீதியை வெட்டுங்கள்.

மரம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சான்று. 1930களில் அங்கே சமவெளிகளில் புழுதிப்புயல் எழுந்தபோது, 1934 முதல் 1942 வரை 20 கோடிக்கும் அதிகமான மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். கூடவே தாளை நிலத்தில் விட்டு உழும் முறைக்கும் விவசாயிகளை மாற்றினார்கள்.

கடற்கரை மணல்மேடு

கரையோர மணல்மேட்டில் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்யக்கூடாது. மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் உயர்ந்த பாதுகாப்பு பெற்றவை. மேட்டைச் சமப்படுத்துவது தடைசெய்யப்பட்டது. சென்னைக் கரைக்குத் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவை ஏறும் மணலில் சவுக்கு நட்டால் வேர் அடைத்துக்கொள்ளும், ஆமைக்குக் குழி தோண்ட இடம் இருக்காது.

அங்கே வேண்டியது அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். நெய்தல் நிலத்துக்கே உரிய அடும்பு, மணல் மூட மூட மேலே வேர்விட்டு ஏறும். இராவணன் மீசையின் முள்ளுருண்டை காற்றில் கரையெல்லாம் உருண்டு விதை சிந்தும். அனுமதி பெற்றுச் செய்யும் இடத்தில், முக்கால் முழ நீளத்தில் மூன்று நான்கு கணு உள்ள அடும்புத் தண்டை, மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள் போகும்படி, ஒரு மீட்டருக்கு ஒன்றாக, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். பெரும்பாலான மேடுகளுக்கு அதுகூடத் தேவையில்லை. ஆள் நடக்கும் வழியைக் கயிறு கட்டி ஒரே பாதையாக்கினால், கொடி தானே பரவிக்கொள்ளும். வண்டி ஏறிய தடம் மட்டும் வருடக்கணக்கில் ஆறாது.

காலி மனையும் கட்டுமான இடமும்

ஓ.எம்.ஆர்., இ.சி.ஆர். ஓரம் மனை பிரிக்கும்போது மொத்த இடத்தையும் வழித்துச் சமன் செய்து வருடக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்த மாதம் வேலை நடக்கும் பகுதியை மட்டும் வழித்தால் போதும். வழித்த மேல்மண்ணை இரண்டு மீட்டருக்கு மேல் உயராமல் தனியே குவித்து, சணப்பு விதைத்து வையுங்கள். பிறகு தோட்டத்துக்கு அதுவே உதவும். கட்ட நாளாகும் மனையில் ஐப்பசியில் கொழுஞ்சி தூவினால் அடுத்த கோடைக்கு அது மூடியிருக்கும்.

காற்று ஏறிய பிறகு செய்யும் அவசர வேலை

எதுவும் செய்யாமல் ஆனி பிறந்துவிட்டது, மண் பறக்கிறது என்றால்: மேற்கு ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே கிளம்பும் மணல்தான் மீதி நிலத்தைத் தட்டி எழுப்புகிறது. முதல் பத்து மீட்டரில் தென்னை மட்டையை நெருக்கமாகப் போட்டு, அதன் பின்னால் ஒரு வரிசை வலை கட்டுங்கள். தெளிப்பான் இருந்தால் காற்று ஏறுமுன், காலை ஆறு ஏழு மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவு நனையுங்கள்; அது ஏக்கருக்கு சுமார் 8,000 லிட்டர். நண்பகலுக்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும் என்பதால் தினமும் செய்ய வேண்டிவரும். தண்ணீர் உள்ளவர்கள் அதைப் புழுதியடக்க மட்டும் செலவழிக்காமல், நனைத்த அன்றே கொள்ளை விதைத்துவிடுவது மேல். பதினைந்தாம் நாள் இலை தரையைத் தொடத் தொடங்கும்போது கம்பிகளை அளந்து பாருங்கள். அளவு நகராமல் நின்றிருந்தால் தெளிப்பானை நிறுத்தலாம். மண் மட்டம் இன்னும் இறங்கினால், எந்தக் கம்பியடியில் அதிகம் இறங்கியதோ அதற்கு நேர் மேற்கே சந்து எங்கே இருக்கிறது என்று தேடி, அதை அடையுங்கள்.